பாஞ்சாலையின் பதினான்காம் நெறி

பாஞ்சாலையை எங்கள் குழுவில் சேர்த்ததற்கு ஒரே காரணம், அவருடைய மகள் செத்துப்போயிருந்தாள். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கும் தெரியும். பதினோரு வருடமாக நாசூக்காகத் தட்டச்சு செய்துதான் சம்பளம் வாங்குகிறேன். இந்த ஒரு தடவையாவது நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வேங்கிக்கால் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. பெயர் வேண்டாம். அதன் மாடியில் உள்ள அலுவலகத்தில் நான் எழுத்தர். பெயர் சுரேஷ்குமார். கடிதம், கூட்டக் குறிப்பு, அறிக்கை எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். மூன்று வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரு வெளிநாட்டு நிதி கிடைத்தது. பிரசவத்தில் தாய்மார்கள் சாகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று எங்கோ பெரியவர்கள் எழுதிவைத்த நெறிமுறைகளை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி, நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரு குழு. குழுவில் மருத்துவர்கள் மட்டும் உட்கார்ந்தால் போதாது, பாதிக்கப்பட்ட ஜனங்களும் உட்கார வேண்டும் என்பது நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை.

திட்டத்துக்குப் பொறுப்பு டாக்டர் அருணாதேவி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

"சுரேஷ், பாதிக்கப்பட்ட குடும்பம் ஒண்ணு வேணும். கிரிவலப் பாதைப் பக்கமா இருந்தா நல்லது. கொஞ்சம் பேசத் தெரிஞ்சவங்களா பாருங்க" என்றார். குடியிருக்க வீடு பார்க்கச் சொல்வது போலத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் போய்ப் பார்த்தேன்.

அடி அண்ணாமலையில் பாஞ்சாலைக்குத் தள்ளுவண்டிக் கடை. மலை சுற்றுகிறவர்களுக்கு மூலிகை சூப்பும் சுண்டலும் விற்பார். அப்போது அவருக்கு ஐம்பத்தோரு வயது. பதினாறு வயதில் கல்யாணமாகி வந்தவர். கிணறு தூர் வாரப் போன புருஷன் மண் சரிந்து உள்ளேயே போய்விட்டான். மகன் ராஜாவையும் மகள் வள்ளியையும் அந்த வண்டியைத் தள்ளியே வளர்த்தார். ஐந்தாவது வரை படித்தவர். அச்சில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். அச்சில் வந்துவிட்டால் அது நடந்தே தீரும் என்று நம்புகிற ஜாதி. வாயாடி. சூப்பில் உப்பு கம்மி என்று எவனாவது சொன்னால், "வூட்ல போயி வெச்சிக் குடி" என்பார். அடுத்த மாதம் அவனே திரும்பி வந்து குடிப்பான்.

ஓர் ஆவணிப் பௌர்ணமி அன்று வள்ளிக்கு வலி வந்தது. பௌர்ணமிக்கு மலைப் பாதையில் வண்டி ஓடாது. ஜனம் ஓடும். ஆம்புலன்ஸ் போலீஸ் போட்ட தடுப்புக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வீட்டிலேயே பிரசவம் ஆகி, ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கவில்லை.

நான் படிவத்தோடு போயிருந்தேன். அதில் 'பாதிப்பின் தன்மை' என்று ஒரு கட்டம் இருந்தது.

"ரத்தம் எவ்ளோம்மா போச்சு?" என்று கேட்டேன். கேட்டேன், ஆமாம். வாய் கூசவில்லை.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாலு பொடவ நனைஞ்சிது தம்பி. அஞ்சாவது என்னுது. அதுல பாதி."

நான் 'அதிக இரத்தப்போக்கு' என்று எழுதிக்கொண்டேன். கட்டம் சின்னது.

முதல் கூட்டத்துக்கு வெள்ளைப் புடவை உடுத்தி, எண்ணெய் வைத்துச் சீவி, அரைமணி நேரம் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். நான் வருகைப் பதிவேட்டையும் கூட்டக் குறிப்பையும் நீட்டினேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறிப்பை முந்தின நாளே தட்டச்சு செய்துவிடுவேன். யார் என்ன பேசினார்கள், என்ன தீர்மானம், எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரி எப்போதும் 'ஏகமனதாக ஏற்கப்பட்டது'. வந்ததும் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால், கூட்டம் முடிந்ததும் டீ குடித்துவிட்டு அவரவர் கிளம்பிவிடலாம்.

"கூட்டமே இன்னும் ஆரம்பிக்கலியே, அதுக்குள்ள எதுக்கு தம்பி கையெழுத்து?" என்றார் பாஞ்சாலை.

"இங்க அப்டித்தாம்மா. மொதல்ல போட்டுடணும்."

பெரிய ஆஸ்பத்திரி, படித்த மனிதர்கள், அவர்களுடைய முறை இது என்று நினைத்திருப்பார். நாக்கைக் கடித்துக்கொண்டு 'பா'வில் ஆரம்பித்து மெதுவாக எழுதினார். அப்புறம் பதினோரு கூட்டம். ஒவ்வொன்றிலும் கேட்காமலே போட்டுப் பழகிவிட்டார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

முதல் இரண்டு கூட்டம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதில் டாக்டர் பேசச் சொல்லிக் கைகாட்ட, எழுந்து நின்றார்.

"பௌர்ணமிக்கி வண்டி வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். வலி வந்தப்புறம் வண்டியக் கூப்ட்டு இன்னா பண்றது? மலப் பாதையில இருக்கற புள்ளத்தாச்சிங்களுக்கு நாள் கிட்ட வந்துட்டா, பௌர்ணமிக்கி ரெண்டு நாள் முன்னாடியே இங்க சேத்துக்குங்க. வலி இருந்தாலும் சேருங்க, இல்லாட்டியும் சேருங்க. என் பொண்ண அப்டி சேத்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பா."

டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான், இதுக்குத்தான் ஜனங்களக் கூப்பிடணும்ங்கறது" என்று என் பக்கம் திரும்பினார். அன்று முதன்முறையாகக் குறிப்பைத் திருத்தித் தட்டச்சு செய்தேன். அது பதினான்காம் நெறி ஆயிற்று. எண்பது பக்கப் புத்தகத்தில் இந்த ஊரில் பிறந்த நெறி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மொழிபெயர்ப்பு.

பாஞ்சாலை அதோடு விடவில்லை. "வார்டுல பாக்கற நர்சம்மாங்களயும், ஆம்புலன்ஸ் ஓட்றவரயும் ஏன் கூப்பிடல? சேத்துக்கப் போறது அவங்கதானே?" என்றார்.

"அடுத்த கூட்டத்துல கூப்பிடலாம்மா" என்றார் டாக்டர்.

நர்சுகளைக் கூட்டத்துக்கு அழைத்தால் வார்டை யார் பார்ப்பது? அதனால் நாலாவது கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை, ஒன்பதாவதுக்கும் கூப்பிடவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் 'அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று முந்தின நாளே தட்டச்சு செய்துவைத்தேன்.

தை மாதம் புத்தகம் வந்தது. வழவழ அட்டை. அட்டையில் பாஞ்சாலை கைகூப்பி நிற்கிறார், பின்னால் மலை. ஐந்நூறு பிரதி. இருபதை நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பினோம். மீதியை வார்டுகளுக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் கொடுக்க, கூடவே வைத்து அனுப்ப ஓர் உறைக்கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் கையெழுத்துக்காக டாக்டரின் மேஜையில் மூன்று மாதம் கிடந்தது. நான் ஞாபகப்படுத்தினேனா என்றால், ஒரு தடவை. புத்தகக் கட்டுகள் மாடிப்படிக்குக் கீழே இருந்தன. நான் அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைப்பேன்.

பாஞ்சாலை மட்டும் ஒரு பிரதியை வாங்கிப்போய் பிளாஸ்டிக் உறை போட்டு வண்டியில் தொங்கவிட்டார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு யார் போனாலும் நிறுத்தி, பதினான்காம் நெறியைப் படித்துக் காட்டாமல் விடமாட்டார். "என் பேர்ல சட்டமே இருக்குதுடீ" என்பாராம். அந்தச் சமயத்தில் அவருடைய மருமகள் கீர்த்தனாவுக்கு ஏழாவது மாதம். ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை செய்கிற ராஜாவின் பெண்டாட்டி. இருபத்திரண்டு வயது. மாமியாரை "அத்த, உங்க போட்டோவுல மூக்கு பெருசா விழுந்துட்டுது" என்று கேலி செய்கிற பெண். வள்ளியை இழந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது அவளால்தான். அவளுக்கு ரத்தம் கம்மி என்று கர்ப்பிணி அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். பாஞ்சாலை முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாக ஊட்டினார்.

நாள் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வந்தது. பாஞ்சாலை பயப்படவில்லை. அதற்குத்தானே சட்டம் போட்டிருக்கிறார்?

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால், காலை ஒன்பது மணிக்கெல்லாம் பை, ஃபிளாஸ்க், பழைய வேட்டித் துணி எல்லாவற்றோடும் மருமகளை அழைத்துக்கொண்டு பிரசவ வார்டுக்கு வந்துவிட்டார். அன்று பணியில் இருந்தவர் நர்ஸ் கஸ்தூரி. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆளாகச் செய்துகொண்டிருந்தார்.

"வலி இருக்குதா?"

"இல்லீங்க."

"பனிக்குடம் ஒடஞ்சுதா?"

"இல்லீங்க. பௌர்ணமி வருது, அதுக்குத்தான் சேத்துக்க வந்தோம்."

"வலி இல்லாம எப்டிம்மா சேத்துக்கறது? பெட்டே இல்ல. மல சுத்தி மயக்கம் போட்டு வர்றவங்களுக்கு வேற பத்து பெட்டு ஒதுக்கச் சொல்லிருக்காங்க."

பாஞ்சாலை புத்தகத்தை எடுத்து, பக்கத்தை விரித்து, விரல் வைத்துக் காட்டினார். கஸ்தூரி முன்னும் பின்னும் புரட்டினார்.

"இது எங்க குடுத்தாங்க? எங்களுக்கு இப்டி ஒண்ணும் வரலியே." அட்டையைப் பார்த்தார், பாஞ்சாலையைப் பார்த்தார். "இது நீங்களா?" சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, களைத்துப்போன சிரிப்பு. ஆனால் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

பாஞ்சாலை மாடிக்கு என்னிடம் வந்தார். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டர் சென்னையில் ஒரு மாநாட்டில் இருந்தார். எதைப் பற்றிப் பேசப் போயிருந்தார் தெரியுமா? பதினான்காம் நெறியைப் பற்றி. பின்னால் அந்தப் படங்களை நான்தான் கோப்பில் சேர்த்தேன். பெரிய திரையில் பாஞ்சாலை கைகூப்பி நிற்கிறார், அதன் முன்னால் டாக்டர் ஒலிவாங்கியோடு நிற்கிறார்.

"இப்ப மேடைக்குப் போறேன் சுரேஷ். வார்டுல பேசறேன், நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே நானூற்றெழுபத்தொன்பது புத்தகம் கிடந்தது. ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போய் கஸ்தூரியின் மேஜையில் போட்டிருக்கலாம். உறைக்கடிதம் இல்லாமல் கொடுத்தால் என்னைக் கேள்வி கேட்பார்கள் என்று தோன்றிற்று. "நாளைக்கு வாங்கம்மா" என்றேன்.

மறுநாளும் வந்தார்கள். டாக்டர் வார்டில் பேசவில்லை. மறந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். மத்தியானம் இரண்டு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கீர்த்தனாவுக்குக் கால் வீங்கிவிட்டது. கடைசியில் கஸ்தூரி பதிவேட்டை நீட்டினார். திருப்பி அனுப்புகிற எல்லாருக்கும் அதில் ஒரு ரப்பர் முத்திரை குத்துவார்கள்: 'வலி இல்லாததால் சொந்த விருப்பத்தின் பேரில் வீடு திரும்புகிறோம்.' அதன் கீழே கையெழுத்து.

பாஞ்சாலை போட்டார். முதலில் போட்டுவிட வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்று அவருக்குப் பழகியிருந்தது. போட்டால் உள்ளே கூப்பிடுவார்கள் என்றே நினைத்தாராம். போட்டுவிட்டு மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார். கால்மணி நேரம் கழித்துக் கஸ்தூரிதான் வந்து, "இன்னும் போகலியாம்மா? பஸ்ஸெல்லாம் நிறுத்திடப் போறாங்க" என்று சொல்லி எழுப்பினார்.

பௌர்ணமி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வலி வந்தது. ஆம்புலன்ஸ் செங்கம் சாலைத் தடுப்பில் நின்றுகொண்டு, "இதுக்கு மேல வர முடியாது, நீங்க இங்க கொண்டாந்துடுங்க" என்றது. ராஜாவும் பாஞ்சாலையும் தள்ளுவண்டியிலிருந்து அடுப்பையும் சூப்புக் குண்டானையும் இறக்கிவிட்டு, பாயை விரித்து, கீர்த்தனாவைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள்.

மலையை எல்லாரும் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள். இவர்கள் போகவேண்டியது எதிர்த் திசை. லட்சம் பேர் எதிரே வருகிறார்கள். கையில் பட்டை கட்டிய ஒரு தொண்டர் ஓடிவந்து, "எதிர்ல வரக்கூடாதும்மா, சுத்திக்கினு போங்க" என்று வண்டியைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாராம். ராஜா அவர் சட்டையைப் பிடிக்க, அதில் பத்து நிமிடம் போயிற்று. "அரோகரா" சொல்லிக்கொண்டே ஜனம் ஒதுங்கும், உடனே மூடிக்கொள்ளும். ஓர் அன்னதானப் பந்தலுக்கு முன்னால் வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. பெண். பிறந்ததும் அழுதது. பாஞ்சாலை அதைத் தன் முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தள்ளினார். அதற்கப்புறம்தான் ரத்தம் கொட்ட ஆரம்பித்தது.

கிரிவலப் பாதையில் படுத்துக் கிடப்பவர்களுக்குக் காசு போடுவது புண்ணியம். எவரோ ஒருவர், பார்த்தும் பார்க்காமல், கீர்த்தனாவின் காலடியில் ஒரு பத்து ரூபாய் நோட்டைப் போட்டுவிட்டுப் போனார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் போட்டார்கள். ஒரு அம்மாள் சாம்பார் சாதப் பொட்டலத்தை வைத்துக் கும்பிட்டார். கீர்த்தனாவுக்கு அப்போது நினைவு இருந்தது. "அத்த, காசு போடறாங்க அத்த" என்றாளாம். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். தடுப்புக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆம்புலன்ஸ்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் அப்படியே நின்றார்.

ஒரு தாய் இறந்தால் ஏன் என்று விசாரித்துக் குழு அறிக்கை கொடுக்க வேண்டும். இருபதாம் நாள் கூட்டம். முந்தின நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு வாசகத்தைச் சொன்னார். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறார். பொய் அழுகை இல்லை.

"ஆஸ்பத்திரி தப்புன்னு போட்டா திட்டமே நின்னுடும் சுரேஷ். திட்டம் நின்னா இன்னும் எத்தனை பேர் சாவாங்கன்னு யோசிங்க. பதிவேட்டுல அவங்க கையெழுத்து இருக்கு. அது அப்படியே வரட்டும்."

நான் தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

மறுநாள் பாஞ்சாலை குழு உறுப்பினராகவும் வரவேண்டியிருந்தது, இறந்தவளின் உறவினராகவும் வரவேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே நாற்காலி. ராஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றான். நான் வழக்கம்போல் தாளை நீட்டினேன். பாஞ்சாலை பேனாவைத் தொடவில்லை.

"மொதல்ல படி தம்பி."

"கூட்டம் முடிஞ்சதும் படிக்கறேம்மா..."

"படி."

யாரும் என்னைக் காப்பாற்றவில்லை. படித்தேன்.

'நெறி பதினான்கின்படி பௌர்ணமிக்கு இரு நாட்கள் முன்பே அனுமதி பெற்றிருக்க வேண்டும். குடும்பத்தினர் சொந்த விருப்பத்தின் பேரில் வீடு திரும்பியதாகப் பதிவேட்டில் கையொப்பமிட்டுள்ளனர். இந்நெறியை முன்மொழிந்த சமூகப் பிரதிநிதியே இக்குடும்பத்தின் மூத்தவர் என்பதால், நெறியை அறிந்திருந்தும் பின்பற்றவில்லை என்பது தெளிவாகிறது. ஏகமனதாக ஏற்கப்பட்டது.'

பாஞ்சாலை டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகன் பக்கம் திரும்பினார். அவனுக்கு மட்டும் விளக்கிவிட்டால் போதும் என்பதுபோல. வீட்டில் மிச்சம் இருந்தவன் அவன்தானே.

"ராஜா, அவங்க போடச் சொன்னாங்கடா. போட்டா சேத்துப்பாங்கன்னு நெனச்சேன்டா."

"நீ கையெழுத்துப் போட்டியா?" என்றான். "பெஞ்சுலேர்ந்து எழுந்து வந்ததுக்கு, சொந்த விருப்பம்னு நீ கையெழுத்துப் போட்டுட்டு வந்தியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"அதுல இன்னா எழுதியிருந்துதுன்னு பாக்கலடா..."

"படிக்கத் தெரியும்ல உனக்கு? ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுன இல்ல? சட்டம் போட்டதே நீதானே?"

அதற்கான பதில் எங்களிடம் இருந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம், எட்டுப் பேருக்கும் தெரியும். நான் தாளின் ஓரத்தை நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன். ராஜா குழந்தையோடு வெளியே போனான். அன்றைக்கே கீர்த்தனாவின் அம்மா வீட்டில் போய்த் தங்கிவிட்டான். இன்றுவரை பாஞ்சாலையை அந்த வீட்டு வாசல் மிதிக்க விடவில்லை. பேத்திக்கு இப்போது ஒன்றரை வயது. கிரிவலத்துக்கு அவர்கள் தூக்கிவரும்போது, வண்டிக்குப் பின்னால் நின்றபடி பாட்டி எட்ட இருந்தே பார்க்கிறார்.

பாஞ்சாலை இனிமேல் வரமாட்டார் என்று நினைத்தோம். நிம்மதியாகக்கூட இருந்தது. டாக்டர்தான், "அவங்க இருந்தா நல்லது சுரேஷ். ஒரே குடும்பத்துல ரெண்டு இழப்பு, இந்த மாதிரி அனுபவம் உள்ள பிரதிநிதி வேற எங்க கிடைப்பாங்க?" என்று கடிதம் போடச் சொன்னார். போட்டேன். வந்துவிட்டார். ஏன் வருகிறீர்கள் என்று ஒருநாள் படிக்கட்டில் வைத்துக் கேட்டேன்.

"வராம இருந்தா அந்தத் தாள்ல இருக்கறது நெஜம்னு ஆயிடும் தம்பி" என்றார்.

இப்போதும் அரைமணி நேரம் முன்னாடியே வருகிறார். கையெழுத்தை மட்டும் கூட்டம் முடிந்த பிறகுதான் போடுகிறார், அதுவும் முழுதாகப் படித்துவிட்டு. எல்லாரும் டீயை முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருக்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது என்று அறக்கட்டளைச் செயலாளர் சொல்கிறார். பேசுவது ஒன்றே ஒன்றுதான்: "நர்சம்மா வந்தாங்களா? வண்டி ஓட்றவரு வந்தாரா?"

நாளைக்குப் பதினெட்டாவது கூட்டம். குறிப்பைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதில் ஏழாவது வரி: 'சமூகப் பிரதிநிதி திருமதி பாஞ்சாலை அவர்களின் கோரிக்கை அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.'